லீ என்றொரு பெயர்



சிங்கப்பூரைக் கட்டியெழுப்பிய தலைவரின் பெயர் லீ குவான் யூ. சண்டைப் படங்களில் நடித்து உலகெங்கும் புகழ் பெற்றவர் புரூஸ் லீ. ஆஸ்திரேலிய அணிக்காக வேகப்பந்து வீசியவர் பிரெட் லீ. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படைகளை நடத்திய தளபதி ராபர்ட் லீ. அதே அமெரிக்காவில் கறுப்பின மக்களின் வாழ்வைத் திரையில் காட்டி வரும் இயக்குநர் ஸ்பைக் லீ. கிரிக்கெட்டும் படமும் பார்க்கிற பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஒரு கேள்வி எழுவது இயல்பே: "இவர்களெல்லாம் ஒரே குடும்பத்துக்காரர்களா?"

"இல்லை" என்று ஒரே சொல்லில் பதில் கூறிவிடலாம். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. தமிழில் ஒரே எழுத்தில் அடங்கிவிடும் இப்பெயர், ஒன்றையொன்று அறியாத பல சமூகங்களில் தனித்தனியே பிறந்தது. சிலருக்கு இது நிலம் தந்த பெயர். சிலருக்கு அரசன் தந்த பெயர். சிலருக்கு எஜமானனிடமிருந்து ஒட்டிக்கொண்ட பெயர். ஒரே பெயர் என்பதை வைத்துக்கொண்டு பிறர் செய்த முடிவுகளால் துன்புற்றோரும் பலர். ஆகவே இம்மாதம் இந்தச் சின்னஞ்சிறு பெயரின் கதையைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

ஆங்கில நாட்டின் காட்டுவெளி

பழைய ஆங்கில மொழியில் காட்டிடை வெளியையும், மரங்களை வெட்டித் திருத்திய நிலத்தையும் குறிக்க ஒரு சொல் இருந்தது. அச்சொல்லே காலப்போக்கில் தேய்ந்து 'லீ' என்றாயிற்று. நம் நாட்டில் 'காடுவெட்டி' என்று ஊர்ப்பெயர் வழங்குவதை இங்கே நினைத்துக்கொண்டால் பொருள் எளிதில் விளங்கும். ஆங்கில நாட்டில் 'லி' என்று முடியும் ஊர்கள் பலவற்றில் இந்தச் சொல்தான் மறைந்திருக்கிறது. ஓக் மரங்கள் நின்ற வெளி ஓக்லி ஆயிற்று. துடைப்பச் செடி மண்டிய வெளி பிராம்லி ஆயிற்று.

1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பிறகு நிலக் கணக்கும் வரிக் கணக்கும் எழுதும் வழக்கம் பெருகியது. ஓர் ஊரில் ஜான் என்ற பெயரில் பத்துப் பேர் இருந்தால் எந்த ஜானிடம் வரி வாங்குவது? ஆகவே தொழிலையோ ஊரையோ வீடு இருந்த இடத்தையோ பெயரோடு சேர்த்து எழுதினர். காட்டுவெளி ஓரத்தில் குடியிருந்த ஜான், 'லீ'யைச் சேர்ந்த ஜான் ஆனார். 14ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் இத்தகைய அடைமொழிகள் பெரும்பாலான ஆங்கிலக் குடும்பங்களில் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும் குடும்பப் பெயர்களாக நிலைத்துவிட்டன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கிலாந்து முழுவதும் இப்படிப்பட்ட வெளிகள் எத்தனையோ இருந்தன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு குடும்பம் இருந்தது. ஆதலால் ஆங்கிலேயரான லீக்களே தமக்குள் உறவினர்கள் அல்லர். சீனத்துக்கும் இங்கிலாந்துக்கும் தொடர்பைத் தேடுவது இருக்கட்டும். இங்கிலாந்தின் ஒரு மாவட்டத்து லீக்கும் அடுத்த மாவட்டத்து லீக்குமே தொடர்பு இல்லாமல் இருக்கலாம்.

கடல் கடந்து நார்வே நாட்டுக்குச் சென்றால் அங்கும் இவ்வொலி கேட்கும். அந்நாட்டு மொழியில் 'லீ' என்றால் மலைச்சரிவு. சரிவில் அமைந்த பண்ணைகளுக்கு அப்பெயர் வைத்தனர். பண்ணையில் வாழ்ந்தோர்க்கும் அதுவே பெயராயிற்று. 1946இல் ஐக்கிய நாடுகள் சபையின் முதல் பொதுச் செயலாளராகப் பொறுப்பேற்ற டிரிக்வே லீ அந்த நாட்டவரே. அவர் பெயரின் எழுத்துகளை ஆங்கிலச் சொல்லாக எண்ணி வாசித்தால் 'பொய்' என்று பொருள் வந்துவிடும். ஒரு மொழியின் மலைச்சரிவு மற்றொரு மொழியில் பழிச்சொல்லாகிவிடுகிறது.

அயர்லாந்திலிருந்து பக்தாதுக்கு

அயர்லாந்து நாட்டின் லீக்கள் வேறொரு வகையினர். அவர்களுடைய ஐரிஷ் மொழிப் பெயர் நீளமானது. கவிதை என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் ஐரிஷ் பெயர்களை ஆங்கிலக் காதுக்கு ஏற்றவாறு சுருக்கி எழுதியபோது, கவிதையோடு தொடர்புடைய அந்தப் பெயரும் 'லீ' ஆகிவிட்டது.

அயர்லாந்தின் மேற்குப் பகுதியான கொனாக்ட்டில் இந்தப் பெயருடைய ஒரு குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக மருத்துவம் பார்த்து வந்தனர். அவர்களிடம் இருந்த 15ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதி ஒன்று இன்று டப்ளின் நகரின் ராயல் ஐரிஷ் அகாடமியில் பாதுகாக்கப்படுகிறது. கடலில் மறைந்து தோன்றும் மாயத் தீவிலிருந்து அந்நூல் கிடைத்தது என்று அப்பகுதி மக்கள் கதை சொல்லி வந்தனர். நூலின் உண்மையான வரலாறோ அக்கதையைவிட வியப்பானது.

11ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த மருத்துவர் இப்னு ஜஸ்லா. கிறிஸ்தவராகப் பிறந்து 1074இல் இஸ்லாத்தைத் தழுவியவர். 1100இல் மறைந்தார். நோய்களின் பெயர், காரணம், அறிகுறி, சிகிச்சை ஆகியவற்றைக் கட்டம் கட்டமாக அட்டவணையில் அமைத்து 'தக்வீமுல் அப்தான்' என்னும் நூலை அரபியில் எழுதினார். 13ஆம் நூற்றாண்டில் ஃபரஜ் இப்னு சாலிம் என்ற யூத மருத்துவர் அதை லத்தீனுக்கு மாற்றினார். அந்த லத்தீன் வடிவமே பின்னர் ஐரிஷ் மொழிக்குச் சென்று லீ குடும்பத்தாரின் கைக்கு வந்தது. பக்தாது முஸ்லிம் எழுதி, யூதர் மொழிபெயர்த்து, அயர்லாந்து மருத்துவர் பயன்படுத்திய நூல் அது. அவர்கள் மூவருக்கும் இரத்த உறவு கிடையாது. கல்வி அவர்களைச் சேர்த்தது. அயர்லாந்து லீயின் இல்லத்து நூலுக்கு பக்தாதில் மூலம் இருந்தது. இங்கிலாந்து லீயிடம் அதற்குத் தொடர்பே இல்லை.

சீனத்தின் பிளம்ஸ் மரம்

இனி மக்கள் தொகையால் மிகப் பெரிய லீக்களைப் பார்ப்போம். சீன மொழியில் 'லீ' என்னும் இந்தக் குடும்பப் பெயருக்குப் பிளம்ஸ் மரம் என்று பொருள். 'மரம்' என்ற எழுத்தை மேலும் 'பிள்ளை' என்ற எழுத்தைக் கீழுமாக வைத்து அதை எழுதுவர். 2007இல் சீன அரசு வெளியிட்ட கணக்கின்படி இப்பெயருடையோர் ஏறத்தாழ 9 கோடியே 20 இலட்சம் பேர். தமிழ்நாட்டின் மக்கள் தொகையைவிட அதிகம்! இதே போன்ற ஒலியுடைய, ஆனால் வேறு எழுத்தில் எழுதப்படுகிற பிற குடும்பப் பெயர்களும் சீனத்தில் உண்டு. அவற்றையும் பிறமொழிக்காரர்கள் 'லீ' என்றே எழுதிவிடுகின்றனர்.

இத்தனை கோடிப் பேரும் ஒரு தந்தையின் மக்களா? அல்லர். 618 முதல் 907 வரை சீனத்தை ஆண்ட தாங் அரச குலத்தின் குடும்பப் பெயர் லீ. அந்த மன்னர்கள் தம்மைப் பண்டைய ஞானி லாவோட்சுவின் வழிவந்தோர் என்று கூறிப் பெருமைப்பட்டனர். பேரரசுக்குத் துணை நின்ற தளபதிகளுக்கும் அயல் இனத்துத் தலைவர்களுக்கும் தம் குடும்பப் பெயரையே பரிசாக வழங்கினர். நம் நாட்டு மன்னர்கள் பட்டமும் நிலமும் கொடுத்தது போல அவர்கள் பெயரைக் கொடுத்தனர். 869இல் ஒரு கிளர்ச்சியை அடக்க உதவிய ஷாத்துவோ துருக்கியர் தலைவருக்கு அவ்வாறு லீ என்ற பெயர் கிடைத்தது. அவருடைய பேரன் 923இல் சீனத்தின் ஒரு பகுதிக்கு மன்னராகவே ஆனார். பெயரோ லீ, பிறப்போ துருக்கியர்.

நமக்கு இன்னும் நெருக்கமான செய்தி ஒன்று உண்டு. அக்காலச் சீனர் அரபுகளை 'தாஷி' என்று அழைத்தனர். 848இல் லீ யென்ஷெங் என்ற தாஷி நாட்டவர் ஒருவர் பேரரசின் மிக உயர்ந்த ஆட்சிப்பணித் தேர்வில் தேறினார். அதற்கு முந்திய ஆண்டில் அவரை அரசவைக்குப் பரிந்துரைத்தவர் ஒரு மாநில ஆளுநர். "நாட்டில் ஆளில்லாமலா ஓர் அயலானைப் பரிந்துரைக்க வேண்டும்?" என்ற முணுமுணுப்பு எழுந்தது. அப்போது சென் ஆன் என்ற சீன எழுத்தாளர் அந்த அரபியருக்கு ஆதரவாக ஒரு கட்டுரை எழுதினார். ஒருவர் எங்கே பிறந்தார் என்பதைவிட அவருடைய உள்ளமும் நடத்தையும் எத்தகையவை என்பதைக் கொண்டே அவரை மதிக்க வேண்டும் என்பது அதன் சாரம். பிறந்த மண்ணைக் காரணம் காட்டித் தகுதியுள்ளவரைத் தள்ளி வைக்கும் வழக்கம் எவ்வளவு பழையது என்பதையும், அதை எதிர்த்துப் பேசும் நல்லோர் எல்லாச் சமூகத்திலும் இருந்துள்ளனர் என்பதையும் இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

அரசன் தந்த பெயர் பிறந்த குலத்தை மூடி மறைத்துவிடுவதும் உண்டு. சீன முஸ்லிம்களிடையே 'மா' என்ற குடும்பப் பெயர் மிகுதி. சீன மொழியில் அதற்குக் குதிரை என்று பொருள். ஆயினும் பல முஸ்லிம் குடும்பங்கள் 'முஹம்மத்' என்ற திருப்பெயரின் ஒலியைக் கருதியே அதை ஏற்றன. 15ஆம் நூற்றாண்டில் பெருங்கப்பல் படையோடு இந்தியப் பெருங்கடலில் பயணம் செய்த செங் ஹே என்னும் கடற்படைத் தலைவர், மா குடும்பத்தில் பிறந்த முஸ்லிம். 'செங்' என்பது பேரரசர் சூட்டிய பெயர். இலங்கையின் காலி நகரில் கிடைத்த, 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் அவருடைய கல்வெட்டில் சீனம், பாரசீகம் ஆகியவற்றோடு தமிழும் பொறிக்கப்பட்டுள்ளது. சீனப் பேரரசர் தந்த பெயரை மட்டும் பார்த்திருந்தால் அவர் ஒரு ஹாஜியின் மகன் என்பதை யார் அறிந்திருப்பார்?

வியட்நாமிலிருந்து கொரியாவுக்கு

சீனத்தின் அந்த எழுத்து வியட்நாமுக்கும் கொரியாவுக்கும் சென்றது. வியட்நாமில் லீ என்னும் அரச குலம் 1009 முதல் 1225 வரை ஆண்டது. பின்னர் ஆட்சியைக் கைப்பற்றிய திரான் குலத்தார், 1232இல் லீ என்ற பெயருடையோர் அனைவரும் அதைக் கைவிட்டு நுயென் என்று மாற்றிக்கொள்ள வேண்டும் என ஆணையிட்டனர். பழைய அரச குலத்தின் நினைவே மக்களிடம் இருக்கக்கூடாது என்பது நோக்கம். இன்று வியட்நாமில் மிகுதியாக வழங்கும் குடும்பப் பெயர் நுயென். அதைச் சுமப்போரில் எவரெவர் அச்சத்தால் பெயர் மாற்றியோரின் வழிவந்தவர் என்று எப்படிப் பிரித்தறிவது?

அரசு கவிழ்ந்த வேளையில், 1226இல் அக்குலத்து இளவரசர் ஒருவர் உயிர் தப்பிக் கப்பலேறிக் கொரியாவை அடைந்தார். அவர் வழிவந்தோர் இன்றும் கொரியாவில் 'ஹ்வாசான் லீ' என்ற தனிக் குலமாக வாழ்கின்றனர். தாயகத்தில் அழிக்கப்பட்ட பெயர் அடைக்கலம் தந்த நாட்டில் பிழைத்துக்கொண்டது.

கொரியாவில் இப்பெயரை எழுதும் சீன எழுத்து ஒன்றே. தென்கொரியர் நாவில் அது 'ஈ' என்று ஒலிக்கும். வடகொரியர் 'ரீ' என்பர். ஆங்கிலத்தில் எழுதும்போது லீ, யீ, ரீ எனப் பல வடிவங்கள் பெறும். 1392 முதல் 1910 வரை கொரியாவை ஆண்ட சோசன் அரச குலமும் இப்பெயருடையதே. அதன் நிறுவனருக்குத் துணை நின்ற சூர்சென் இனத்து வீரர் ஒருவருக்கும் இதே பெயர் வழங்கப்பட்டது. அவர் வழியில் வந்தோர் மற்றொரு லீ குலமாயினர். ஆகவே கொரியர்கள் பெயரை மட்டும் பார்ப்பதில்லை. "உங்கள் லீயின் மூல ஊர் எது?" என்று கேட்பர். சோன்சூ ஊரின் லீ வேறு. கியோங்சூ ஊரின் லீ வேறு.

இந்தக் கேள்வி நல்லதுதான். ஆனால் அதுவே சட்டமாகியபோது பல குடும்பங்களை வாட்டியது. ஒரே குடும்பப் பெயரும் ஒரே மூல ஊரும் உடைய ஆணும் பெண்ணும் மணந்துகொள்ளக்கூடாது என்று தென்கொரியக் குடியியல் சட்டம் கூறியது. சோன்சூ லீ குலத்தார் மட்டும் 20 இலட்சத்திற்கும் மேற்பட்டவர்கள். அவர்களுள் முப்பது தலைமுறைக்கு முன் பிரிந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திராத இருவர் மணம் புரிந்தாலும் அது சட்டப்படி திருமணம் ஆகவில்லை. பதிவு கிடையாது. பிறந்த பிள்ளைகளை முறையான திருமணத்தின் பிள்ளைகளாகப் பதிவேட்டில் எழுத இயலாது. இத்தகைய தம்பதியர் படும் பாட்டைக் கண்டு 1978, 1988, 1996 ஆகிய ஆண்டுகளில் மட்டும் தற்காலிகச் சட்டங்களால் பதிவுக்கு வாய்ப்பளித்தனர். 1997இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தத் தடை அரசியலமைப்புக்கு ஒவ்வாதது எனத் தீர்ப்பளித்தது. 2005இல் சட்டம் திருத்தப்பட்டு, உண்மையான நெருங்கிய உறவினருக்கு மட்டுமே தடை என்றாயிற்று. பெயர் உறவுக்கும் இரத்த உறவுக்கும் உள்ள வேறுபாட்டைச் சட்டம் ஒப்புக்கொள்ள எத்தனை ஆண்டுகள் பிடித்தன பாருங்கள்!

எஜமானனின் பெயரும் காகிதப் பிள்ளைகளும்

அமெரிக்காவில் இப்பெயரின் கதை மேலும் துயரமானது. 1640ஐ ஒட்டி இங்கிலாந்திலிருந்து வர்ஜீனியாவில் குடியேறிய ஒரு லீ, பெரும் நிலக்கிழாரானார். தளபதி ராபர்ட் லீ அவர் வழிவந்தவரே. அத்தகைய பண்ணைகளில் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்களும் அவர்தம் வழிவந்தோரும் அடிமைகளாக உழைத்தனர்.

1768இல் ஜார்ஜ் வாஷிங்டன், வர்ஜீனியாவில் லீ என்பவரின் விதவையிடமிருந்து வில்லியம் என்ற இளைஞரை விலைக்கு வாங்கினார். வில்லியம் தம் முந்தைய எஜமானரின் குடும்பப் பெயரையே கொண்டு வில்லியம் லீ என்று அழைக்கப்பட்டார். அமெரிக்க விடுதலைப் போர் முழுவதும் வாஷிங்டனின் அருகிலேயே இருந்து பணி செய்தார். 1799இல் வாஷிங்டன் இறந்தபோது, அவருடைய உயில் வில்லியமுக்கு உடனடி விடுதலை அளித்தது. நாட்டின் விடுதலைக்காகப் போர்க்களம் கண்டவருக்குத் தம் சொந்த விடுதலை கிடைக்கப் பதினாறு ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது. அவருடைய முன்னோர் ஆப்பிரிக்காவில் எந்தப் பெயரால் அழைக்கப்பட்டனர் என்பதை 'லீ' என்ற பெயர் நமக்குச் சொல்லாது. அவர் யாரிடம் அடிமையாக இருந்தார் என்பதை மட்டுமே சொல்லும்.

மறுகரையில் சீனரின் கதை. 1882இல் அமெரிக்கா சீனத் தொழிலாளர் வருகைக்குத் தடை விதித்தது. அமெரிக்கக் குடிமக்களின் பிள்ளைகளுக்குத் தடை இல்லை. 1906 ஏப்ரலில் சான்பிரான்சிஸ்கோவில் நிலநடுக்கமும் பெருந்தீயும் ஏற்பட்டுப் பிறப்புப் பதிவேடுகள் எரிந்து போயின. அதன் பின் அங்கிருந்த சீனர் பலர், தாம் அந்நகரிலேயே பிறந்ததாகக் கூறிக் குடியுரிமை பெற்றனர். ஊரில் தமக்குப் பிள்ளைகள் இருப்பதாகவும் எழுதிக் கொடுத்தனர். அப்படிப் பிறந்த ஆவணங்கள் விலைக்கு விற்கப்பட்டன. வறுமையால் வேறு குடும்பத்து இளைஞர்கள் அவற்றை வாங்கி, பிறர் பெயரில் கப்பலேறினர். வரலாறு அவர்களைக் 'காகிதப் பிள்ளைகள்' என்று குறிக்கிறது.

1910 முதல் 1940 வரை ஏஞ்சல் தீவில் இருந்த குடியேற்ற நிலையத்தில் அவர்களை நாட்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் அடைத்து வைத்து விசாரித்தனர். "உன் வீட்டிலிருந்து கிணறு எத்தனை அடி? உன் தெருவில் மூன்றாவது வீட்டில் யார்?" என்றெல்லாம் கேட்டனர். தவறாகச் சொன்னால் திரும்பும் கப்பல்தான். தப்பியவர் வாழ்நாள் முழுவதும் காகிதப் பெயரையே சுமந்தார். வெளியில் ஒரு பெயர், வீட்டில் வேறொரு பெயர். இதனால் அமெரிக்கச் சீனர் ஒருவரின் ஆவணத்தில் 'லீ' என்று இருந்தாலும், அவருடைய பாட்டனார் வேறு குலத்தவராக இருக்க வாய்ப்புண்டு. 1943இல் தடைச் சட்டம் நீக்கப்பட்டது. 1956 முதல் உண்மைப் பெயரை ஒப்புக்கொள்ளுமாறு அரசு அழைத்தபோதும் அஞ்சி ஒதுங்கியோர் பலர்.

இவையெல்லாம் பழங்கதை என்று எண்ண வேண்டாம். 2017 ஆகஸ்டில், வர்ஜீனியாவின் சார்லட்ஸ்வில் நகரில் தளபதி லீயின் சிலையை அகற்றுவது குறித்துக் கலவரம் மூண்டு, ஓர் இளம்பெண் உயிரிழந்தார். அதே மாதத்தில் ஒரு தொலைக்காட்சி நிறுவனம், அந்நகரில் நடக்கவிருந்த விளையாட்டுப் போட்டியை வருணிக்க வேண்டிய ஒருவரை வேறு போட்டிக்கு மாற்றியது. காரணம், அவர் பெயரும் ராபர்ட் லீ! அவரோ ஆசிய வழியினர். தளபதிக்கும் அவருக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. அந்தச் சிலை 2021இல் அகற்றப்பட்டது. ஆனால் ஓர் ஒலியைக் கேட்டதும் ஆளை எடைபோடும் பழக்கம் அத்துடன் போய்விட்டதா?

ஹதீஸ் கலை கற்பிக்கும் பாடம்

சகோதர சகோதரிகளே! பெயர் ஒன்றாகவும் ஆள் வேறாகவும் இருப்பதால் வரும் குழப்பம் நம் முன்னோர்க்குப் புதிதன்று. ஹதீஸ் கலை அறிஞர்கள் இதற்கென்றே தனித் துறை வகுத்தனர். பெயர் எழுத்தாலும் ஒலியாலும் ஒத்திருக்க, ஆள் வேறாக இருப்பதை 'முத்தஃபிக் முஃப்தரிக்' என்றனர். எழுத்தில் ஒத்து ஒலியில் வேறுபடுவதை 'முஃதலிஃப் முக்தலிஃப்' என்றனர். 1071இல் மறைந்த கதீபுல் பக்தாதீ முதல் வகையைப் பற்றிப் பெரும் நூலே எழுதினார். இத்துறையில் மாணவர்களுக்குச் சொல்லப்படும் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு கலீல் இப்னு அஹ்மத் என்பது. தந்தை பெயரும் சேர்ந்தே ஒத்துப்போகும் இந்தப் பெயரில் அறிஞர்கள் ஆறு பேரைப் பிரித்துக் காட்டினர். அவர்களுள் ஒருவர்தான் அரபு இலக்கண மேதை ஸீபவைஹியின் ஆசிரியர்.

ஏன் இத்தனை உழைப்பு? ஒரு நம்பகமானவரின் பெயரால் நம்பத்தகாத ஒருவரின் கூற்று நுழைந்துவிடக்கூடாது. நம்பத்தகாதவரின் பெயரை ஒத்திருக்கிறது என்ற ஒரே காரணத்தால் நல்லவர் ஒருவர் ஒதுக்கப்படவும் கூடாது. ஆகவே அவர் எந்த ஊர், யாரிடம் படித்தார், எப்போது வாழ்ந்தார் என்று விசாரித்த பிறகே முடிவு கூறினர். அந்தத் தொலைக்காட்சி நிறுவனத்தார் இந்தக் கலையை ஒரு நாள் கற்றிருந்தால் போதும்!

பெயரால் பிறப்பை மறைப்பதையும் நம் மார்க்கம் ஒப்பவில்லை. ஸைத் (ரலி) அவர்கள் அடிமையாக விற்கப்பட்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்தார்கள். நாயகம் அவர்களை விடுதலை செய்து மகனாக வளர்த்தார்கள். மக்கள் 'ஸைத் இப்னு முஹம்மத்' என்றே அழைத்தனர். அதைவிட உயர்ந்த பெயர் எவருக்குக் கிடைக்கும்? ஆயினும் வளர்ப்புப் பிள்ளைகளை அவரவர் தந்தையின் பெயராலேயே அழைக்க வேண்டும் என இறைவசனம் அருளப்பட்டதும், அவர்கள் மீண்டும் 'ஸைத் இப்னு ஹாரிஸா' ஆனார்கள். அன்பு குறையவில்லை; மதிப்பும் குறையவில்லை. அடிமைப்பட்டவரின் தந்தை பெயர் அவருக்கே திரும்பக் கிடைத்தது. வில்லியம் லீக்குக் கிடைக்காத உரிமை அது.

இனமும் கோத்திரமும் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காக என்று திருமறை கூறுவதை நாம் அறிவோம். அறிந்துகொள்வதற்கு முதற்படி கேட்பது. நம் வீடுகளில் சம்பந்தம் பேசும்போது, பெயரின் பின்னொட்டைக் கேட்டவுடனே "நம்மவர்" என்று மகிழ்வதும், "நமக்கு ஆகாது" என்று எழுந்துவிடுவதும் நடக்கிறது. ராவுத்தர், மரைக்காயர், லெப்பை என்ற சொற்கள் ஒரு குடும்பம் எந்தத் தொழிலோடு, எந்தக் கரையோடு தொடர்புடையது என்பதைக் காட்டலாம். மாப்பிள்ளை தொழுகையாளியா, பெண்ணை நன்றாக வைத்துக்கொள்வாரா என்பதை அவை காட்டா. வடக்கே 'கான்' என்று முடியும் பெயரும் அவ்வாறே. அது மத்திய ஆசியத் தலைவர்களின் பட்டமாகத் தொடங்கியது. செங்கிஸ்கானும் அப்பட்டம் சூடியவர்தான். அவர் முஸ்லிம் அல்லர்.

குடும்பங்களில் ஒரு நல்ல வேலையை இவ்வாரமே தொடங்கலாம். நம்மில் பெரும்பாலோர்க்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை; தந்தையின் முதலெழுத்து மட்டுமே. அது இரண்டு தலைமுறையில் மறைந்துவிடுகிறது. வீட்டில் மூத்த நன்னாவும் நன்னியும் இருக்கும்போதே அவர்கள் வாயால் கேட்டு, நான்கு தலைமுறைப் பெயர்களையும் ஊர்களையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தாய்வழியையும் சேர்த்து எழுதுங்கள். யார் எங்கே பிழைக்கப் போனார், யாருடைய தொடர்பு விட்டுப்போயிற்று என்பதையும் குறியுங்கள். உறவைப் பேணுவதற்கு எந்த அளவு வம்சாவளி தேவையோ அந்த அளவு கற்றுக்கொள்ளுமாறு நபிமொழி நமக்கு வழிகாட்டுகிறது. எழுதி முடித்தபின், விட்டுப்போன உறவினர் ஒருவருக்கேனும் ஒரு கடிதம் போடுங்கள். அல்லது தொலைபேசியில் ஸலாம் சொல்லுங்கள்.